எண் 32 ஸ்னைப்பர் ஸ்கோப்: வாங்கும்முன் பார்க்க வேண்டியவையும் வாங்கியபின் செய்ய வேண்டியவையும்

பிரித்தானியப் படையின் எண் 32 ஸ்கோப், அதாவது துப்பாக்கியின்மேல் பொருத்திக் குறிபார்க்கும் சிறு தொலைநோக்கி, மறைந்திருந்து தொலைவிலிருந்து சுடும் ஸ்னைப்பர்களுக்காகப் பிறந்ததன்று. பிரென் இலகு இயந்திரத் துப்பாக்கியின்மேல் பொருத்துவதற்காகத் திட்டமிடப்பட்ட அந்தக் கருவி, இரண்டாம் உலகப் போரின்போது லீ-என்ஃபீல்ட் எண் 4 ரைஃபிளின்மேல் ஏறி, எண் 4 மார்க் 1 (டி) என்ற பெயரில் புகழ்பெற்ற ஸ்னைப்பர் ரைஃபிளின் கண்ணாயிற்று. அளவுக்கு மீறிய கனமும் முரட்டு உறுதியும் அதற்கு வாய்த்ததன் காரணம் இந்தப் பூர்வீகத்தில்தான் இருக்கிறது. இன்று பிரிட்டன், கனடா, அமெரிக்கா ஆகிய நாடுகளில் பழைய படைக்கலன்களைச் சேகரிக்கும் குடிமக்கள் பெரிதும் தேடும் ஸ்கோப்புகளில் இதுவும் ஒன்று. தேடுவோர் பெருகியதால் போலிகளும் பெருகின; அசல் ரைஃபிளில் அசல் ஸ்கோப் அமர்ந்திருந்தும், இரண்டும் ஒன்றுக்கொன்று அந்நியமான கலப்புச் சோடிகள் அதைவிட மிகுதியாகப் பெருகின.

தொடங்குவோர் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். இந்த ஸ்கோப் தனிப்பொருள் அன்று. ஸ்கோப், அதைப் பிடிக்கும் தாங்கி, ரைஃபிள் ஆகிய மூன்றும் சேர்ந்த ஒரு தொகுதியின் பகுதி. லண்டனில் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனம் 1942 செப்டம்பர் முதல் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட ரைஃபிள்களை இவ்வாறு மாற்றியமைத்தபோது, ஒவ்வொரு தாங்கியையும் அதற்குரிய ரைஃபிளோடு தனித்தனியே இசைவித்தே அனுப்பியது. ஆகவே ஒரு ரைஃபிளின் தாங்கியைக் கழற்றி இன்னொன்றில் மாட்டினால், திருகுகள் ஒழுங்காகவே ஏறும். குறி மட்டும் எங்கோ போகும். இதை உணராமல் ஸ்கோப்பை ஓரிடத்திலும் தாங்கியை வேறிடத்திலும் வாங்கிச் சேர்ப்பவர்தான் பிற்பாடு ஸ்கோப்பில் பழுது என்று முறையிடுகிறார்.

எந்த மார்க் என்று அறிதல்

மார்க் என்பது ஒரு கருவியின் வடிவமைப்புப் பதிப்பு. அதை அறிய, ஸ்கோப்பின் உடலில் பொறித்திருக்கும் எழுத்துகளை முதலில் படிக்க வேண்டும். நேர் வெளிச்சத்தில் அவை தெரியாமல் போகலாம். சிறு டார்ச் விளக்கை உடலுக்கு ஏறத்தாழ இணையாகப் படுக்க வைத்து அடித்தால், பல அடுக்குப் பூச்சின் அடியிலிருந்தும் எழுத்தின் விளிம்பு நிழலாக எழும். கருவியின் பெயர், மார்க் எண், ஓ.எஸ். எனத் தொடங்கும் பட்டியல் எண், தயாரிப்பாளர் பெயர் அல்லது அதன் சுருக்கம், ஆண்டு, தனி வரிசை எண், பிரித்தானிய அரசுடைமையைக் குறிக்கும் அகன்ற அம்புக்குறி ஆகியவை அங்கே இருக்க வேண்டும். மார்க் 1 என்றால் ஓ.எஸ். 466 ஏ, மார்க் 2 என்றால் ஓ.எஸ். 1650 ஏ, மார்க் 3 என்றால் ஓ.எஸ். 2039 ஏ. மார்க் எண்ணும் பட்டியல் எண்ணும் ஒத்துப்போகவில்லை என்றால், விற்பவரிடம் விளக்கம் கேட்காமல் மேலே செல்லக் கூடாது. தயாரிப்பாளர்களில் கெர்ஷா, வாட்சன், டெய்லர் டெய்லர் அண்ட் ஹாப்சன், கனடாவின் ரிசர்ச் என்டர்பிரைசஸ் லிமிடெட் ஆகிய பெயர்கள் அடிக்கடி கண்ணில் படும்.

மூன்று மார்க்குகளும் மூன்று மடங்கு உருப்பெருக்கம் கொண்டவை. பார்வைப்புலம் 9 பாகை. இன்றைய வேட்டை ஸ்கோப்புகளோடு பழகியவருக்கு மூன்று மடங்கு என்பது ஏமாற்றமாகத் தோன்றலாம். ஆனால் அந்த அகன்ற பார்வைப்புலத்தில் ஒரு மனிதன் இலக்கைத் தேடிப் பிடிக்கும் வேகத்தைப் பார்த்தவர்கள் அதைக் குறைத்துப் பேச மாட்டார்கள். கண்ணுக்குத் தெரியும் குறி, கீழிருந்து மேலெழும் ஒரு கூர்முனைக் கம்பமும் அதைக் குறுக்கே வெட்டும் ஒரு மெல்லிய கிடைக்கோடும் ஆகும்.

வேறுபாடு டிரம்களில், அதாவது குறியை மேலும் கீழும், பக்கவாட்டிலும் நகர்த்தத் திருப்பும் எண்ணிட்ட உருளைகளில் இருக்கிறது. மார்க் 1 ஸ்கோப்பின் உயர டிரம் 1000 கஜம் வரை, 50 கஜத்துக்கு ஒரு சொடுக்காக நகரும். பக்கவாட்டு டிரம்மின் ஒரு சொடுக்கு 2 கோண நிமிடங்கள். ஒரு கோண நிமிடம் என்பது 100 கஜத் தொலைவில் ஏறத்தாழ ஓர் அங்குலம். ஆகவே மார்க் 1இல் 600 கஜத்தில் பக்கவாட்டாக ஒரு சொடுக்கு திருப்பினாலே தோட்டா 12 அங்குலம் நகர்ந்துவிடும்; நுணுக்கமாகச் சுட விரும்புபவருக்கு இது போதாது. 1943இல் வந்த மார்க் 2 இந்தக் குறையை ஒரு நிமிடச் சொடுக்குகளால் தீர்த்தது. மார்க் 1, 2 இரண்டிலும் டிரம்மை அதன் பூச்சியத்துக்கு மீட்டமைக்கத் தனிக் கருவி ஒன்று தேவைப்பட்டது. அந்த வேலைக்கு மனிதனுக்கு மூன்று கைகள் வேண்டும் என்று படைவீரர்கள் அலுத்துக்கொண்டது நியாயமே. 1944 முதல் பரவிய மார்க் 3இல் டிரம் அமைப்பு மாற்றப்பட்டு, ஒருவரே தனிக் கருவியின்றி அதைச் செய்ய முடிந்தது. சுடுவதற்காக வாங்குபவருக்கு என் பரிந்துரை மார்க் 3 தான்; காட்சிக்கு வைப்பவருக்கு மார்க் 1 அரிது என்பதால் ஈர்ப்பு மிகுதி.

இங்கே ஓர் எச்சரிக்கை. 1970 முதல் என்ஃபீல்ட் தொழிற்சாலை பல எண் 4 (டி) ரைஃபிள்களை 7.62 மி.மீ. நேட்டோ தோட்டாவுக்கு மாற்றி எல்42ஏ1 என்று பெயரிட்டது. 1982 ஃபாக்லாந்து போரிலும் அது பயன்பட்டது. அதற்காக மார்க் 3 ஸ்கோப்புகளைத் திருத்தி, டிரம்மை மீட்டர் அளவில் வெட்டி, எல்1ஏ1 என்று மறுபெயரிட்டார்கள். வெளித்தோற்றத்தில் இரண்டும் உடன்பிறப்புகள். .303 தோட்டாவைச் சுடும் பழைய எண் 4 ரைஃபிளுக்கு மார்க் 3 தேடுபவர் எல்1ஏ1ஐ வாங்கிவிட்டால் டிரம் சொல்லும் தொலைவும் தோட்டா விழும் இடமும் பொருந்தா. அது போலி அன்று, நல்ல பொருளே. ஆனால் வேறு ரைஃபிளுக்கு உரியது.

எண்களைச் சேர்த்துப் படித்தல்

அசல் தொகுதி ஒன்றில் எண்கள் ஒன்றையொன்று சாட்சி சொல்லும். ரைஃபிளின் வரிசை எண் தாங்கியில் பொறிக்கப்பட்டிருக்கும். ஸ்கோப்பின் வரிசை எண் மரக்கட்டையின் கழுத்துப் பகுதியின் மேற்புறத்தில், அதாவது கட்டைவிரல் படியும் இடத்தில் அடிக்கப்பட்டிருக்கும். சேவைக் காலத்தில் ஸ்கோப் பழுதடைந்து மாற்றப்பட்டிருந்தால், படைக்கலப் பணியாளர் பழைய எண்ணைக் கோடிட்டு அடித்து அதனருகே புதிய எண்ணை அடித்திருப்பார். புதிதாக வருபவர்கள் இந்த அடித்த எண்ணைக் குறையாக நினைத்து விலகுகிறார்கள். நான் அதை நற்சான்றாகவே கொள்வேன். ஏனெனில் போலி செய்பவர் பெரும்பாலும் ஒரே ஓர் எண்ணைத் தூய்மையாக அடித்துத் தருவார். மாற்றத்தின் வரலாற்றைக் கற்பனை செய்து அடிக்கும் பொறுமை அவருக்கு அரிது. அந்த எழுத்துகளைப் பெருக்காடி கொண்டு பார்க்கும்போது, பள்ளத்தின் அடியில் பழைய எண்ணெயும் அழுக்கும் கறுத்து உறைந்திருக்கின்றனவா, விளிம்பில் மரநார் தேய்ந்து வழுவழுப்பாகியிருக்கிறதா என்பதைக் கவனிக்க வேண்டும். சுற்றியுள்ள மரம் கறுத்திருக்க, எண்ணின் பள்ளம் மட்டும் வெளிறிப் புதிதாக இருந்தால் ஐயம் கொள்வதே அறிவுடைமை.

ரைஃபிளின் உடலிலும் அடையாளங்கள் உண்டு. ரிசீவரின் (போல்ட் ஓடும் நடு உலோக உடலின்) இடப்பக்கச் சுவரில் டி என்ற எழுத்து. கட்டையைப் பிடிக்கும் உலோகப் பகுதியில் டி.ஆர்.; கட்டையின் அடிப்பக்கத்தில் ஹாலண்ட் அண்ட் ஹாலண்டின் குறியீடான எஸ் 51. பின்குறியில் சண்டைக்கால விரைவுச் சூட்டுக்கான துளைத்தகடு, ஸ்கோப்புக்கு இடம் விடுவதற்காக அரைத்து எடுக்கப்பட்டிருக்கும். இந்த இறுதி அடையாளத்தை விற்பனை விளம்பரப் படங்கள் பெரும்பாலும் காட்டுவதில்லை. கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். கட்டையின்மேல் திருகப்பட்ட மரக் கன்னத்தாங்கி எளிதில் போலி செய்யக்கூடியது என்பதால் அதைச் சான்றாகக் கொள்வதில் பயனில்லை.

தாங்கியைப் பொறுத்தவரை, கெயின்ஸ்பரோ நகரின் ரோஸ் பிரதர்ஸ் நிறுவனம் வார்த்தவற்றில் என் 92 என்ற குறியீடு இருக்கும். இன்றைக்குப் புதிதாகச் செய்யப்படும் நகல் தாங்கிகள் ஏராளம். நகல் என்று சொல்லி விற்பவரிடம் குறை காண ஒன்றுமில்லை. சுடுவதற்காகவே ரைஃபிளை மீட்டமைப்பவருக்கு நல்ல நகல் தாங்கி தக்க தீர்வும் ஆகும். ஆனால் அசலின் விலையில் நகலை வாங்குவதைத் தவிர்க்க, வளையங்களின் மேல்மூடியையும் அடிப்பகுதியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவை ஒன்றாகக் கடையப்பட்டவை. இணைகோடு நகம் இடறாத அளவுக்குத் தொடர்ச்சியாக இருக்கும்.

ரிசீவரில் திருகப்பட்டிருக்கும் முன் பட்டையும் பின் பட்டையும் தாங்கிக்கு அடித்தளம். முன் பட்டை தளர்வது சேவைக் காலத்திலேயே அறியப்பட்ட நோய். எல்42ஏ1 மாற்றத்தின்போது பட்டைகளைப் பற்றவைத்தது இதனால்தான். விரலால் அழுத்தி அசைத்துப் பார்த்து, பட்டைக்கும் ரிசீவருக்கும் இடையே எண்ணெய் கசிந்து புதுக்கோடாகத் தெரிகிறதா என்று நோக்க வேண்டும். அவ்வாறு தெரிந்தால் பட்டை அசைகிறது என்று பொருள். அதைச் சீர்செய்ய படைக்கலன் தொழில்நுணுக்கம் தெரிந்தவரிடம் கொடுப்பதே முறை. வீட்டுத் திருப்புளியால் திருகின் தலையைச் சிதைத்தால் அதன் மதிப்பு அங்கேயே பாதியாகும்.

கண்ணாடியைச் சோதித்தல்

ஸ்கோப்பை வெள்ளைச் சுவரை நோக்கிப் பிடித்துப் பார்க்க வேண்டும். கதிரவனை நோக்கி ஒருபோதும் பிடிக்கக் கூடாது. அக்கால வில்லைகள் கனடா பால்சம் என்ற இயற்கைப் பிசினால் ஒட்டப்பட்டவை. எண்பது ஆண்டுகளில் அந்தப் பிசின் விளிம்பிலிருந்து விட்டுப்போகும்போது, வானவில் நிறத்தில் வளையமாகவோ பனி படர்ந்தது போன்ற வெண்மையாகவோ தெரியும். சிறிய விளிம்புப் பிரிவு பார்வையைக் கெடுக்காது; நடுவை நோக்கி நகர்ந்திருந்தால் நிபுணர் பிரித்து மீண்டும் ஒட்ட வேண்டிவரும். சிலந்தி வலை போல் கிளைத்துப் பரவிய கோடுகள் தெரிந்தால் அது பூஞ்சை. கடலோரச் சென்னையிலோ கொழும்பிலோ பழைய கேமரா வில்லைகளை வைத்திருப்பவர்களுக்கு அந்த உருவம் நன்கு பழக்கமானது. அது கண்ணாடியின் மேற்பரப்பையே அரிக்கும் என்பதால் பொறுத்திருக்க இடமில்லை. குறிக்கோட்டின் அருகே தெளிவாகத் தெரியும் சிறு தூசிப் புள்ளிகள் மட்டும் இருந்தால் விட்டுவிடலாம். ஒரு தூசியை எடுக்கப்போய் முத்திரை மெழுகைக் கலைத்து ஈரத்தை உள்ளே விட்டவர்கள் பலர்.

பிறகு பொறிமுறை. ஸ்கோப்பை மென்துணி சுற்றி அசையாமல் பிடித்து, தொலைவில் உள்ள செங்கல் சுவரின் ஒரு மூலையில் குறியை நிறுத்தி, டிரம்மை முழுதும் ஒரு திசையில் திருப்பி மீண்டும் பழைய எண்ணுக்கே கொண்டுவர வேண்டும். குறி அதே மூலைக்குத் திரும்பினால் திருகாணி நலம். சற்று விலகி நின்றால் பின்னடைவு உண்டு. ஓரளவு பின்னடைவு இவ்வயதில் இயல்பே. எந்த எண்ணுக்குப் போனாலும் எப்போதும் ஒரே திசையிலிருந்து அதை அணுகுவது, தேவையெனில் சற்றுக் கடந்து திரும்பி வருவது என்ற பழக்கம் அந்த விலகலை நடைமுறையில் போக்கிவிடும்.

இந்த ஸ்கோப்பில் டிரம்மைத் திருப்பும்போது குறியே கண்முன் நகர்வதைக் காணலாம். இன்றைய ஸ்கோப்புகளில் குறி எப்போதும் வட்டத்தின் நடுவில் நிற்கும்படி செய்திருப்பதால், எண் 32இல் கம்பம் ஓரமாக ஒதுங்கி நிற்பதைக் கண்டு பலர் பழுதென்று திருப்பி அனுப்புகிறார்கள். சற்று ஒதுங்குவது அதன் இயல்பு. ஆனால் 100 கஜத்துக்குச் சரிசெய்த நிலையில் கம்பம் வட்டத்தின் விளிம்பையே தொடுமளவு ஒதுங்கியிருந்தால், தாங்கி அந்த ரைஃபிளுக்கு உரியதன்று என்று பெரும்பாலும் முடிவுகட்டலாம்.

சுடுதளத்தில்

சட்டம் முதலில். பிரிட்டனில் ரைஃபிளுக்குச் சான்றிதழ் வேண்டும், ஸ்கோப்புக்குத் தனியாக வேண்டியதில்லை. அமெரிக்காவில் ஐம்பது ஆண்டு கடந்த படைக்கலன்கள் சேகரிப்புப் பொருள் என்ற வகைக்குள் வருகின்றன. ஆயினும் துப்பாக்கி ஸ்கோப்புகளை அந்நாட்டிலிருந்து வெளியே அனுப்புவது ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. இந்தியாவில் .303 தடைசெய்யப்பட்ட வகையைச் சேர்ந்தது. சாதாரண உரிமத்தில் அது கிடைக்காது. இந்தியாவுக்கு ஸ்கோப்பை மட்டும் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க எண்ணுபவரும் பணம் கட்டும்முன் சுங்கத் துறையிடம் எழுத்தில் கேட்டுத் தெளிவதே நல்லது.

உரிமம் உள்ளவர், அங்கீகரிக்கப்பட்ட சுடுதளத்தில் 100 கஜத்தில் தொடங்கலாம். தாங்கியின் இரு பெரிய கைத்திருகுகளையும் மாறிமாறிச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். ஒன்றை முழுதும் இறுக்கிவிட்டு மற்றதற்குப் போனால் தாங்கி சாய்ந்து அமரும். பின்னர் குழலின் பின்வாயை மூடும் போல்ட்டைக் கழற்றி, ரைஃபிளை மணல் மூட்டையில் நிலைநிறுத்தி, குழலின் வழியே இலக்கின் நடுவைக் கண்டு, ரைஃபிள் அசையாமல் ஸ்கோப்பின் வழியே எவ்வளவு விலகல் தெரிகிறது என்று பார்க்க வேண்டும். இது தோட்டாவை மிச்சப்படுத்தும் பழைய வழி. அதன்பின் ஐந்து தோட்டாக்கள் சுட்டு, அந்தக் கூட்டத்தின் நடுவை அளந்து, டிரம்மைத் திருத்தி, மீண்டும் ஐந்து சுட்டு உறுதிசெய்து, டிரம்மின் அளவுகோலை அந்த நிலைக்கு மீட்டமைக்க வேண்டும். ஸ்கோப் மேலே அமர்ந்திருப்பதால் ஐந்து தோட்டாச் செருகியை இதில் பயன்படுத்த முடியாது. ஒவ்வொன்றாகவே இட வேண்டும். அவசரப்படுபவர்களுக்கு இது நன்மையே.

டிரம்மின் தொலைவு எண்கள் படையின் .303 மார்க் 7 தோட்டாவுக்காக வெட்டப்பட்டவை. அது 174 கிரெய்ன் எடையும் விநாடிக்கு ஏறத்தாழ 2440 அடி வேகமும் கொண்டது. இன்றைய வேட்டைத் தோட்டாவைப் போட்டுவிட்டு 600 என்ற எண்ணை நம்புவது வீண். ஒவ்வொரு தொலைவிலும் சுட்டுப் பார்த்து, டிரம் சொன்ன எண்ணையும் உண்மையில் தேவைப்பட்ட எண்ணையும் ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். போர்க்கால ஏற்பு விதி, 200 கஜத்தில் ஏழு தோட்டாக்களும் 5 அங்குல வட்டத்துக்குள்ளும், 400 கஜத்தில் ஏழில் ஆறு 10 அங்குல வட்டத்துக்குள்ளும் விழ வேண்டும் என்பதாக இருந்தது. இன்று நல்ல நிலையில் உள்ள ஒரு தொகுதி அதை எட்டினால் நிறைவு கொள்ளலாம். எட்டாவிடில் ஸ்கோப்பைக் குறை சொல்லும்முன் முன் பட்டையையும் முன்கட்டையின் பொருத்தத்தையும் பார்க்க வேண்டும். போட்டி மனம் உள்ளவர்களுக்கு, அமெரிக்காவில் பழைய ஸ்னைப்பர் ரைஃபிள்களுக்கென்றே இருவர் அணியாக 300, 600 கஜங்களில் சுடும் போட்டிகள் நடக்கின்றன. ஒருவர் சுட, மற்றவர் காற்றைக் கணித்துச் சொல்லும் அந்த முறையில்தான் மூன்று மடங்கு ஸ்கோப்பின் அருமை விளங்கும்.

பேணுதல்

வில்லையில் உள்ள மணல்துகளை முதலில் காற்றுக்குமிழால் ஊதி நீக்கி, பிறகு மென்தூரிகை, அதன்பிறகே வில்லைத் துணி என்ற வரிசையை மாற்றக் கூடாது. துணியை வில்லைத் திரவத்தில் ஈரமாக்கலாம். திரவத்தை வில்லைமேல் ஊற்றக் கூடாது, ஏனெனில் ஆல்கஹாலும் அசிட்டோனும் விளிம்பின் வழியே உள்ளே இறங்கிப் பால்சத்தைக் கரைக்கும். வெயிலில் நிற்கும் காரின் பின்பெட்டியில் ஸ்கோப்பை விட்டுச் செல்வதும் அதே கேட்டை மெதுவாகச் செய்யும். இந்த ஸ்கோப்புகளில் நைட்ரஜன் நிரப்பப்படவில்லை. காற்றும் ஈரமும் அவற்றுக்குள் உலவும். ஆகவே எஃகினாலான எண் 8 உறை அசலாகக் கிடைத்தால் அதைக் காட்சிக்கு வைத்து, ஸ்கோப்பை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு, ஈரப்பதமானி வைத்த பெட்டியில் ஐம்பது விழுக்காட்டுக்குக் கீழே பேணுவது நன்று. தோலாலான வில்லை மூடிகளைத் தனியே எடுத்து வைக்க வேண்டும். ஈரத் தோல் பூஞ்சைக்கு நுழைவாயில்.

கறுப்புப் பூச்சு உதிர்ந்திருந்தால் அப்படியே விட வேண்டும். மறுபூச்சு அடித்த ஸ்கோப்பை அறிந்த சேகரிப்பாளர் எவரும் முழு விலைக்கு வாங்க மாட்டார், பொறிப்புகளும் அடியில் புதைந்துபோகும். கழற்ற நேர்ந்தால் ஸ்கோப்பையும் தாங்கியையும் பிரிக்காமல், கைத்திருகுகளைத் தளர்த்தி இரண்டையும் ஒன்றாகவே ரைஃபிளிலிருந்து எடுக்க வேண்டும். மீண்டும் மாட்டிய பின் முதல் தோட்டா எங்கே விழுந்தது என்பதைக் குறிப்பேட்டில் தனிப் பக்கத்தில் எழுதிவந்தால், தாங்கி எவ்வளவு உண்மையாகத் தன் இடத்துக்குத் திரும்புகிறது என்பதும், பட்டை தளரத் தொடங்கும் நாளும் அந்தப் பக்கத்திலேயே தெரிந்துவிடும். ரைஃபிளை விற்கும்போது அந்தக் குறிப்பேட்டையும், எண்களின் நெருக்கப் படங்களையும், வாங்கிய ரசீதையும் தொகுதியோடு சேர்த்தே கொடுக்க வேண்டும்.